ஒரு சோடிப் பின் டயர்

மாமாவின் மெசினில் பின் டயர் இரண்டும் மொட்டை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கட்டை மிஞ்சியிருந்தது. நடுவில் கை வைத்துத் தடவினால் பழைய பாட்டா செருப்பின் அடியைத் தடவுவது போல இருக்கும். மாசி மாதம் கம்பஸ் லீவில் வெருகலுக்கு வந்து சேர்ந்த அன்று பின்னேரமே மாமா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நீங்க மூண்டு பேரும் போய்ப் பார்த்து டயர எடுத்துக்கொண்டு வாங்க. என்னட்ட ஒண்டும் கேக்க வேணாம்."

கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு அவர் மெசினில் ஏறவேயில்லை. முப்பது வருசமாக ஓட்டியவர், முற்றத்தில் நிற்கிற மெசினைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டுக்குத் தண்ணி வைக்கிறார்.

நாங்கள் மூன்று பேர் என்பது மாமாவின் மகன், மகள், பிறகு இதை எழுதுகிற ஆள். மச்சான் மெசின் ஓட்டுவான். மச்சாள் உயர்தரத்தில் வணிகம் படித்தவள், வீட்டுக் கணக்குக் கொப்பி அவள் கையில். மூன்றாவது ஆள் கலைப்பீடம். டயரைப் பற்றி அந்த ஆளுக்கு அதுவரை தெரிந்திருந்தது அது வட்டமாக இருக்கும் என்பது மட்டும்தான். ஆனாலும் நடந்ததில் மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது. அதனால் நாங்கள் என்றே எழுதுகிறோம்.

வெள்ளத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் கடைசி, டித்வா புயல். எங்கள் ஊரில் பெய்த மழையை மட்டும் வைத்து எங்கள் ஊர் வெள்ளத்தைக் கணக்குப் போட முடியாது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக்குடாப் பக்கம் கடலில் சேருகிற ஆறு, அதன் ஒரு கிளைதான் வெருகலாறு. மலைநாட்டில் மண் சரிந்தால் அதற்கு அடுத்தடுத்த நாள் எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கும். வானம் வெளித்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். மாவிலாற்றுக் கட்டு உடைந்துவிட்டது என்று போனில் செய்தி வந்த நேரம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. மாமா மெசினில் பெட்டியைக் கொழுவினார். அம்மம்மா, மாமி, பக்கத்து வீட்டு ஆக்கள், பிள்ளைகள் எல்லாமாகப் பதினொரு பேர். சாப்பாட்டு நெல்லு எட்டு மூட்டை இருந்தது. அதையும் ஏற்றினோம். வயசான ஆக்கள் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் பின்னால் விழாமல் மூட்டை மறைப்பாக இருக்கட்டும் என்று பின்பலகை ஓரமாக மூட்டையை அடுக்கினோம். நல்ல யோசனை என்றுதான் அப்போது பட்டது.

பெரிய றோட்டுக்கு ஏற வாய்க்கால் கட்டு வழியாகத்தான் போக வேண்டும். பாதிக் கட்டில் பின் சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. மெசின் நகராமல் பின்பக்கம் மெதுவாக இடதுபக்கம் வழுக்கியது, பெட்டியின் ஒரு சில்லு கட்டை விட்டு இறங்கிச் சரிந்தது. அம்மம்மா தண்ணீருக்குள் விழுந்தா. ஆழமில்லை, உடனே தூக்கிவிட்டோம். ஆனால் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. எலும்பு நேராகப் பொருந்தவில்லை. இப்போதும் அவவால் சோற்றுப் பானையைத் தூக்க முடியாது.

"டயர்" என்றார் மாமா அன்றிரவு. அதற்குப் பிறகு ஊரில் யார் கேட்டாலும் வீட்டில் எல்லோரும் அதையேதான் சொன்னோம். டயர் மொட்டை, அதுதான் வழுக்கினது.

டயர் ஏன் மொட்டையாகும் வரை விடப்பட்டது என்று கேட்டால் அதற்கும் நாட்டு வரலாறுதான் சொல்ல வேண்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த வருசம்தான் மாமா மாற்ற நினைத்திருந்தார். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், அடுத்த போகத்தில் வேளாண்மை பாதியும் தேறவில்லை. 2022இல் டீசலுக்கு வரிசை. மெசினே ஓடாத வருசத்தில் டயரை யார் மாற்றுவது? பிறகு விலை ஏறிய உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு சோடிப் பின் டயர் காசுக்கு ஓடுகிற நிலையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எடுக்கலாம். இந்த முறை மாமியின் சங்கிலி அடகுக்குப் போனது.

முதல் ஒரு கிழமை நாங்கள் யூடியூப் பார்த்தோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஜீப், பிக்கப் வைத்து ஆற்றுக்குள்ளும் காட்டுக்குள்ளும் இறங்குகிற ஆக்களின் உலகம் அது. டயரை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். தார் றோட்டுக்கு ஒன்று, பாதிப் பாதிக்கு ஒன்று, சேற்றுக்கென்று ஒன்று. சேற்று டயருக்கு 'மட் டெரெய்ன்' என்று பெயர். பூவின் கட்டைகள் பெரிதாக இருக்கும், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி அதைவிட முக்கியம். சேறு அந்த இடைவெளியில் நிரம்பி அப்பிக்கொண்டால் எவ்வளவு ஆழமான பூவும் மொட்டை டயர்தான். சில்லு சுற்றுகிற வேகத்தில் சேற்றை வெளியே எறிந்து தன்னைத் தானே துப்புரவாக்குகிற டயர்தான் சேற்று டயர். பக்கச் சுவர் தடிப்பாக இருக்கும், கல்லும் வேரும் கிழிக்காது.

பதிலுக்கு அது கேட்கிற விலையையும் நேர்மையான சில பேர் சொல்கிறார்கள். தார் றோட்டில் உறுமும். கெதியாகத் தேயும். மழை பெய்த காப்பட் றோட்டில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரை விடத் தூரம் எடுக்கும், ஏனென்றால் றோட்டைத் தொடுகிற இறப்பர் குறைவு. காய்ந்த மணலில் ஆழமான பூ தன்னைத் தானே புதைத்துக்கொள்ளும். அகலம் பற்றியும் பெரிய சண்டை நடக்கிறது. கீழே கெட்டியான தரை இருக்கிற சேற்றுக்கு ஒடுக்கமான உயர்ந்த டயர் நல்லது, வெட்டிக்கொண்டு இறங்கி அடியைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவர்கள் 7.50-16 என்ற ஒடுக்கமான டயரில் ஓடியதை இதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். அடியே இல்லாத சுரிக்கு அகலமானது நல்லது, மேலே மிதக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மச்சான் சொன்னான்: "வெருகலில ஜீப் வச்சிருக்கிறது ஆர்? ஆமி, வனவிலங்கு, என்ஜிஓ. எங்களுக்கு மெசின்தான் ஜீப்." அது உண்மைதான். வெருகலில் பாலம் வருவதற்கு முன் ஆற்றைப் பாதையில் கடந்த காலத்திலும் பெட்டி கொழுவின மெசின்தான் பஸ், அம்புலன்ஸ், லொறி எல்லாம். 2006இல் எங்கள் குடும்பங்கள் இடம்பெயர்ந்து கதிரவெளி, வாகரை என்று போனதும் மெசின் பெட்டியில்தான். எங்களுக்கு அப்போது பால் குடிக்கிற வயது, ஞாபகம் இல்லை, சொல்லக் கேட்டதுதான்.

மெசின் டயருக்கும் அப்படியொரு பிரிவு இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தோம். பக்கச் சுவரில் ஆர்-1, ஆர்-2 என்று அச்சடித்திருப்பார்கள். ஆர்-1 என்பது சாதாரண உழவு டயர், ஊரில் தொண்ணூறு வீதமும் அதுதான் ஓடுகிறது. ஆர்-2 நெல்லுக்கும் கரும்புக்கும் என்று செய்தது. பூவின் ஆழம் ஏறத்தாழ இரட்டிப்பு. படத்தில் பார்த்தபோது மூன்று பேருக்கும் ஒரே எண்ணம். எடுத்தால் இதைத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பூவோடு அன்றைக்கு வாய்க்கால் கட்டில் போயிருந்தால் அம்மம்மாவின் கை உடைந்திருக்காது.

மச்சாள் மட்டும் கொப்பியைத் திறந்தாள். மாமா ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வைக்கிறவர். 2025இல் மெசின் வெளிக்கிட்ட நாள் 143. அதில் வயல் உழவு 46. மணல், கல், நெல் மூட்டை, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் என்று றோட்டு ஓட்டம் 88. வெள்ளத்தில் ஆக்களை ஏற்றின நாள் 9. அந்த ஒன்பதுக்கும் நேரே காசுக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

"88 நாள் காப்பட்லயும் கிறவல்லயும் ஓடுற மெசினுக்கு சேத்து டயரா?" என்று கேட்டாள்.

"ஒன்பது நாளுக்குத்தான் டயர்" என்றான் மச்சான். "மத்த நாளில வழுக்கினா நெல்லுத்தானே கொட்டும்."

அன்றிரவு நன்றாகவே சண்டை பிடித்தோம். கணக்குப் பார்த்தால் மச்சாள் சரி. ஆனால் அடுத்த அறையில் அம்மம்மா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீட்டில் கணக்குப் பேச ஒரு மாதிரி இருந்தது. ஒன்பது நாளுக்காக ஒரு டயர் வாங்குவது முட்டாள்தனமா? வீட்டுக்குத் தீயணைப்பு வாளி வாங்கி வைப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லையே. முடிவு வரவில்லை. மூதூர்க் கடையில் போய்க் கேட்போம் என்று விட்டோம்.

கிளிவெட்டி தாண்டிப் போகும்போது வயலெல்லாம் வெள்ளத்துக்குப் பிறகு திரும்பி விதைத்தது, இன்னும் கதிர் வராமல் பச்சையாக நின்றது. டயர்க்கடை நானா எங்களைப் பார்த்ததும் மாமாவை விசாரித்தார். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு மெசினையும் அதன் டயரை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். பழைய டயருக்கு டாக் அடிக்கலாமா, அதாவது புதுப் பூ ஒட்டலாமா என்று முதலில் கேட்டோம், அதுதான் மலிவு. போனில் படத்தைப் பார்த்து மறுத்துவிட்டார். பக்கச் சுவரெல்லாம் வெடிப்பு, உடம்பு செத்த டயருக்குப் புதுச் சட்டை போட்டு என்ன பயன் என்றார்.

ஆர்-2 என்றதும் சிரித்தார். "எடுத்துத் தரலாம் தம்பி, கொழும்பில சொல்லி வைக்கோணும். ஆனா எந்தச் சேத்துக்கு?"

எங்களுக்கு விளங்கவில்லை. சேறு என்றால் சேறுதானே.

நானா சீமெந்து நிலத்தில் சோக்கால் கீறிக் காட்டினார். நெல் வயல் சேறு வேறு. வருசக்கணக்காக உழுது மிதித்து அடியில் ஒரு கெட்டித் தட்டு உண்டாகியிருக்கும். ஒரு சாண் சேற்றுக்குக் கீழே அந்தத் தட்டில்தான் மெசின் நிற்கிறது. ஆழமான பூ அந்தத் தட்டைப் போய்ப் பிடிக்கும், உழவு நன்றாக நடக்கும். ஆனால் ஒவ்வொரு போகமும் அதே பூவால் தட்டைக் கிண்டினால் அது உடையும். பிறகு சில வருசத்தில் அந்த வயலில் மெசின் வயிறு முட்டப் புதையும். சேற்று உழவுக்கு இரும்புச் சில்லு கொழுவுகிறார்கள், வேலை முடியக் கழற்றிவிடுகிறார்கள், அதுதான் புத்தி என்றார். ஆற்றங்கரைக் களி வேறு. அது பாகு மாதிரி ஒட்டும், ஆழத்தை விட இடைவெளிதான் அங்கே வேலை செய்யும். இலங்கைத்துறை முகத்துவாரப் பக்கம் கடல் மணல் வேறு. அங்கே பூவே வேண்டாம், காற்றைக் குறைத்து டயரைப் பரத்தினால் போதும். வெள்ளம் நிற்கிற கிறவல் றோட்டு இன்னும் வேறு. மேலே தண்ணி, கீழே கெட்டித் தரை, அங்கே சேறே இல்லை. அங்கே ஆக்களைக் கொல்கிறது இழுவையும், தண்ணிக்குள் தெரியாத றோட்டு ஓரமும். அதற்கு உலகத்தில் டயர் இல்லை.

"மாமா வழுக்கினது எங்க?"

வாய்க்கால் கட்டு என்றோம். களி மண். டயர் மொட்டை.

"டிஃப் லாக் மிதிச்சவரா?"

மிதித்தார், ஆனால் இரண்டு சில்லும் சேர்ந்து சுற்றின என்றான் மச்சான்.

நானா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "பெட்டியில பாரம் என்ன?"

பதினொரு பேர், எட்டு மூட்டை நெல்.

"மூட்டை எங்க வச்சீங்க?"

இந்த இடத்தில் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை, எத்தனை பிஎஸ்ஐ காற்று அடிக்கிறீர்கள் என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டார். பின்பக்கம் என்று மச்சாள்தான் பதில் சொன்னாள்.

அவர் எழும்பிப் போய் ஒரு வீல் ஸ்பானரை விரல் மேல் வைத்துச் சமன்படுத்திக் காட்டினார். எங்கள் பெட்டிக்கு ஒரே ஒரு அச்சு. அச்சுக்கு முன்னால் வைக்கிற பாரம் கொழுக்கியைக் கீழே அமத்தும், கொழுக்கி மெசினின் பின் சில்லுகளை நிலத்தோடு அமத்தும். அச்சுக்குப் பின்னால் வைக்கிற பாரம் கிணற்றுத் துலா மாதிரி. பின்பக்கம் இறங்க முன்பக்கம் எழும்பும். எழும்புகிற கொழுக்கி மெசினின் பின்பக்கத்தைத் தூக்கும். எட்டு மூட்டை என்றால் ஐந்நூறு கிலோ அளவில், பெட்டியின் கடைசி ஓரத்தில். அந்த நேரம் பின் சில்லுகளில் இருக்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கை நாங்களே கழற்றி எடுத்திருக்கிறோம். பாரமில்லாத சில்லுக்குப் பூ இருந்தென்ன, இல்லாமல் என்ன?

"ரெண்டு சில்லிலயும் பாரமில்லாட்டி டிஃப் லாக் மிதிச்சா ரெண்டும் சேந்துதான் வழுக்கும்" என்றார் நானா. பிறகு எங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், உடனே சொன்னார்: "டயரும் மொட்டைதான் மகன். புது டயர் எண்டா ஒருவேளை ஏறியிருக்கும். ஒருவேளை."

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். யாரும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு டயர் தெரிவு செய்வது லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஆர்-2 எடுக்க வேண்டும் என்ற வெறி போய்விட்டது. அம்மம்மாவின் கைக்கு ஈடாக ஒரு டயர் வாங்கத்தான் நாங்கள் மூதூருக்கு வந்திருந்தோம். அது எவ்வளவு ஆழமாக, எவ்வளவு விலையாக, எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கை விட்டுப் பார்த்தால் 88 நாள் றோட்டில் ஓடுகிற மெசின் இது. ஆர்-2 போட்டால் காப்பட்டில் நிமிர்ந்த பூக்கள் ஆடி ஆடித் தேயும், மூன்று வருசத்துக்குள் திரும்ப மொட்டை. மொட்டை டயர் வைத்திருக்கிற வீட்டுக்கு எந்த வெள்ளத்திலும் நல்ல டயர் இல்லை. சாதாரண ஆர்-1, எங்கள் மெசினின் அளவு 13.6-28, புதிது, ஒரு சோடி. கடைசியில் அதுதான்.

எடுக்கும்போது நானா காட்டித் தந்த சில விசயங்களை உங்களுக்கும் சொல்லலாம், மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். டயரின் பக்கச் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருசம். 2319 என்றால் 2019ஆம் வருசம் 23ஆவது கிழமையில் செய்தது. கடையில் பளபளவென்று தொங்குகிற டயர் ஆறு வருசப் பழசாக இருக்கலாம், இறப்பர் வெயில் படாமலும் கிழடாகும். நாங்கள் ஒன்றை மாற்றிக் கேட்டோம், முகம் சுளிக்காமல் தந்தார். பிறகு அம்புக்குறி. மெசின் டயரின் பூ வி எழுத்து மாதிரி வளைந்திருக்கும். சுற்றும்போது வியின் நுனி, அதாவது நடுப்பக்கம், முதலில் நிலத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே போகும். மாறிப் பூட்டினால் சேற்றை நடுவுக்கு அள்ளிக்கொண்டு வந்து அப்பும். ஊரில் மாறிப் பூட்டிக்கொண்டு ஓடுகிற மெசின் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம்.

இன்னொன்று தண்ணீர். பின் டயருக்குக் காற்றோடு தண்ணீரும் ஏற்றலாம் என்பது எங்களுக்குப் புதினம். வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரைக்கும் ஏற்ற வேண்டும், முக்கால்வாசி நிரம்பும், மிச்சத்துக்குக் காற்று. ஒரு டயருக்கு நூற்றைம்பது லீற்றருக்கு மேல் பிடிக்கும், அவ்வளவு கிலோ பாரம் சில்லின் அடியிலேயே இருக்கும். குளிர் நாடுகளில் உறைந்துவிடும் என்று மருந்து கலப்பார்களாம். எங்களுக்குக் கிணற்றுத் தண்ணியே போதும். ஆழமான பூவுக்குக் கொடுக்க இருந்த காசில் ஒரு சதமும் செலவில்லாமல் அந்தப் பாரம் கிடைத்துவிட்டது. மச்சாள் இதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

நானா கூலி எடுக்கவில்லை, பூட்டின ஆளுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார். பக்கத்துக் கடையில் முட்டை ரொட்டி சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டோம்.

திரும்பி வரும் வழியில் ஒரு கேள்விதான். மாமாவிடம் சொல்வதா, விடுவதா? டயர் வந்துவிட்டது, டயர்தான் பிழை என்று ஊரே நம்புகிறது, மாமாவும் நம்புகிறார், அவர் மனதில் அது டயரின் பிழையாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றான் மச்சான். மச்சாள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா டயரை நம்பவில்லை, தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார், இல்லாவிட்டால் ஏன் மெசினில் ஏறாமல் இருக்கிறார் என்று கேட்டாள். மூன்றாவது ஆள் வழக்கம் போல இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டது.

பின்னேரம் டயர் பூட்டின மெசினை முற்றத்தில் நிறுத்தினோம். மாமா மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து வந்து சுற்றிப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். குனிந்து இலக்கத்தைப் பார்த்தார், ஆக அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆர்-1தானே எடுத்தீங்க, நல்லது என்றார்.

அப்போது சொன்னோம். மூட்டையைப் பின்னுக்கு அடுக்கினது நாங்கள்தான், நானா இப்படி இப்படிச் சொன்னார், கொழுக்கி எழும்பித்தான் சில்லு சுற்றியிருக்கிறது என்று, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து முழுவதையும் சொல்லி முடித்தோம்.

"தெரியும்" என்றார் மாமா.

நாங்கள் பேசாமல் நின்றோம்.

"வெளிக்கிடக்கயே கண்டனான். முன்னுக்கு மாத்தி அடுக்கச் சொல்லியிருக்கோணும். தண்ணி ஏறிட்டு வருது, ஆக்கள் கத்துறாங்க, போய்ச் சேந்திரலாம் எண்டு நினைச்சன். உங்களுக்கு என்ன தெரியும் மனே, ஓட்டுறவன்தானே பாக்கோணும்."

இதற்கு என்ன சொல்வது? நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை அவர் டயர் டயர் என்று சொன்னது தனக்காக இல்லை, எங்களுக்காக என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்களோ அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

அம்மம்மா வாசலில் இருந்தபடி டயரின் விலையைக் கேட்டா. மச்சாள் உண்மையான விலையைச் சொன்னாள். "அந்தக் காசுக்கு எனக்கு ஒரு சோடிக் காப்பு எடுத்திருக்கலாம்" என்றா, பிறகு வலது கையைப் பார்த்துவிட்டு, "ஒரு கைக்கு" என்று திருத்திக்கொண்டா. சிரிப்பதா என்று தெரியாமல் நின்றோம். அவதான் முதலில் சிரித்தா.

பழைய டயரில் ஒன்றை வெட்டிக் கன்றுக்குத் தண்ணித் தொட்டி ஆக்கினோம். மற்றது வேலி ஓரம் கிடக்கிறது. மழைத் தண்ணி தேங்கி நுளம்பு பெருகுது என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசிவிட்டுப் போனார், இப்போது அதில் நாலு ஓட்டை.

மாமா இன்னும் மெசினில் ஏறவில்லை. மச்சான்தான் ஓட்டுகிறான், மணல் ஓட்டம் தொடங்கிவிட்டது. பெட்டியின் உட்பக்கம், அச்சுக்கு நேர் மேலே, இரண்டு பக்கச் சுவரிலும் மச்சாள் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு அடித்திருக்கிறாள். கை நடுங்கியிருக்க வேண்டும், இடது பக்கக் கோடு கொஞ்சம் கோணல்.